ஜீம்ஸி ஃப்ளெட்டின் மழை

ஜீம்ஸி ஃப்ளெட் சண்டை முடிந்து ஊர் திரும்பிய நாளிலிருந்து அவன் வீட்டின் மேல் ஒரு சொட்டு மழை விழவில்லை. இடது பக்கத்து வீட்டில் பெய்தது, வலது பக்கத்து வீட்டில் பெய்தது, எதிரே மீன் கிடங்கின் தகரக் கூரையில் தடதடவென்று கொட்டியது. ஜீம்ஸியின் மதில் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது. போர்ட்கேரி என்பது ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கிற மீன்பிடி ஊர். அங்கே மழை பெய்வதை யாரும் சேதியாகச் சொல்வதில்லை. பெய்யாவிட்டால்தான் வாசலுக்கு வந்து பேசிக்கொள்வார்கள். அதனால் ஜீம்ஸி வீட்டுச் சங்கதி அந்த வாரத்திலேயே ஊருக்குத் தெரிந்துபோயிற்று. முதலில் கூரையில் ஆள் ஏற்றிப் பார்த்தார்கள். பிறகு மேகத்தைப் பார்த்தார்கள். குளிர்காலம் வந்ததும் பெண்கள் துவைத்த துணிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு வந்து அவன் கொல்லையில் காயப்போட ஆரம்பித்தார்கள். அதற்கு மேல் ஆச்சரியப்பட அவர்களுக்கு நேரமில்லை.

அந்த ஊரில் பாதிப்பேர் ஃப்ளெட், மீதிப்பேர் ஸ்லேட்டர். ஃப்ளெட்டுகளிலும் ஜீம்ஸி என்று கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே ஒவ்வொருவனுக்கும் பட்டப்பெயர் உண்டு. வாக்காளர் பட்டியலில் அதுதான் இருக்கும், கல்லறைக் கல்லிலும் அதையே வெட்டுவார்கள். சண்டைக்குப் போகும்வரை இவன் பெயர் ‘டோசி’. தாத்தாவிடமிருந்து வந்தது, அர்த்தம் யாருக்கும் தெரியாது. திரும்பி வந்த வருஷத்தில் ஊர் கூடி யோசிக்காமலேயே அது ‘காய்ஞ்சான்’ என்று மாறிவிட்டது. தபால்காரரும் அப்படியே கூப்பிட்டார். ஜீம்ஸி கோபித்துக்கொள்ளவில்லை. குழாயில் தண்ணீர் வந்தது, டீ குடித்தான், கடலில் இறங்கினால் மற்றவர்களைப் போலத்தான் நனைந்தான். வானத்திலிருந்து வருவது மட்டும் அவனைத் தொடுவதில்லை என்று முடிவுசெய்துவிட்டது போலிருந்தது.

அவனுக்கு இது புதிதுமில்லை. துனீசியாவில் குளிர்கால மழை பிடித்துக்கொண்டபோதே கவனித்திருந்தான். அடுத்து சிசிலி, அதற்கடுத்து நார்மண்டி. பதுங்குகுழியில் எல்லோரும் முழங்கால் சேற்றில் நிற்க, இவன் நின்ற இடம் மட்டும் புழுதி பறந்தது. கூட்டாளிகள் இவனை ஒட்டிப் படுக்கச் சண்டை போட்டார்கள். ஒரு சார்ஜென்ட் தன்னுடைய சிகரெட்டுகளை எல்லாம் இவன் பையில்தான் வைத்துக்கொண்டார். ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஜீம்ஸி சொல்லியிருக்க மாட்டான். எங்கே ஆரம்பித்தது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அலமைனில் ஆரம்பித்தது.

எகிப்துப் பாலைவனத்தில், அலமைன் என்கிற அந்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இரவெல்லாம் பீரங்கி முழங்கிவிட்டு விடிந்தது. விடிந்ததா என்று சந்தேகமாகத்தான் இருந்தது. மணலும் புகையும் எழும்பி நின்றதில் சூரியன் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. முன்னேறிப் போன ஹைலேண்டர்கள் என்கிற ஸ்காட்லாந்துப் படையினரும், எதிரே குழி தோண்டி உட்கார்ந்திருந்த இத்தாலியர்களும், வறுப்பதற்கு முன் ஓட்ஸ் மாவில் புரட்டி எடுத்த ஹெர்ரிங் மீன் மாதிரி ஒரே நிறமாக இருந்தார்கள். ஜீம்ஸி தன் ஆட்களை விட்டுப் பிரிந்து கண்ணிவெடி வயலுக்கு நடுவில் மாட்டிக்கொண்டான். அடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றபோது ஒரு பள்ளத்திலிருந்து முனகல் கேட்டது.

“நம்ம ஆளா?” என்று கத்தினான்.

“ஆய்!” என்று பதில் வந்தது.

ஜீம்ஸியின் கரையில் ‘ஆய்’ என்றால் ஆமாம். தொட்டிலிலிருந்து இறங்கியதும் வருகிற சொல். ஒரு நாளின் பேச்சில் பாதியை அதை வைத்தே முடித்துவிடுவார்கள். லண்டன்காரன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆக, இவன் நம்ம ஆள் மட்டுமல்ல, நம்ம பக்கத்து ஆள் என்று ஜீம்ஸிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வயிற்றால் ஊர்ந்து போய்ப் பள்ளத்தில் இறங்கினான். புழுதி மூடிய ஒரு உருவம் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

“ரொம்ப அடியாப்பா?”

“ஆய்!”

“தண்ணி வேணுமா?”

“ஆய்!”

அன்றைக்கெல்லாம் ஜீம்ஸிக்கு இருந்தது அந்த ஒரு பாட்டில்தான். மூடியைத் திறந்துகொண்டே, பந்தியில் கை நீட்டுகிற சின்னப் பையனைக் கேட்பது மாதிரி, “எல்லாமே உனக்கே வேணுமாக்கும்?” என்று கேட்டான். அந்த நேரம் பார்த்து அவனுடைய முழங்கை அந்த ஆளின் கணுக்காலில் இடித்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து வந்தது பதில். “ஆஆய்!”

“சரி இந்தா. எல்லாம் உனக்குத்தான். என் பங்கையும் நீயே எடுத்துக்கோ” என்று சொல்லி ஜீம்ஸி கடைசிச் சொட்டு வரைக்கும் அவன் வாயில் ஊற்றினான்.

தண்ணீர் இறங்கி வாய் கழுவப்பட்டதும் அந்த ஆள் மாதாவைக் கூப்பிட்டு வேறு பாஷையில் மளமளவென்று ஏதோ சொன்னான். புழுதி விலகிய காலரில் இத்தாலியப் படையின் நட்சத்திரம் தெரிந்தது. அவர்கள் நாட்டில் வலி வந்தால் ‘ஆய்’ என்றுதான் கத்துவார்கள், நாம் ஐயோ என்பது போல. ஜீம்ஸியின் துப்பாக்கியில் மணல் அடைத்திருந்தது. இத்தாலியனுடைய துப்பாக்கி எங்கே என்றே தெரியவில்லை. “அட பாவி, முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்றான் ஜீம்ஸி. அவனுக்கு அது புரியவில்லை. பிறகு ஜீம்ஸி தன் கால்பட்டையை அவிழ்த்து அந்தக் கணுக்காலில் கட்டினான். பகல் முழுவதும் அந்தப் பள்ளத்தில் இருவரும் உட்கார்ந்திருக்க, இரண்டு பக்கத்துக் குண்டுகளும் தலைக்கு மேலே போய்வந்துகொண்டிருந்தன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் தாகத்தோடு ஜீம்ஸி உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் தூக்குப் படுக்கைக்காரர்கள் வந்து ஒருவனைக் கைதியாகவும் ஒருவனைத் தாமதமாக வந்தவனாகவும் கொண்டுபோனார்கள். அந்த யுத்தத்தைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. ஜீம்ஸிக்கு அதில் தெரிந்தது இவ்வளவுதான். ‘என் பங்கு’ என்று அவன் சொன்னது பாட்டில் தண்ணீரை. கேட்டுக்கொண்டிருந்த எதுவோ, அதை வானத்துத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

ஊருக்கு வந்ததும் மச்சான் பெஞ்சியின் படகில் சேர்ந்தான். பெஞ்சி ஸ்லேட்டர், ஜீம்ஸியின் மனைவி எல்ஸ்பெட்டுக்கு அண்ணன். நல்ல மனுஷன், ஆனால் கடல் விஷயத்தில் பயந்தவன். அவன் படகில் பன்றி, முயல் என்று வாய் தவறிச் சொன்னால்கூட அபசகுனம் என்று எல்லோரும் ஓடிப்போய் இரும்பைத் தொட வேண்டும். முதல் பருவத்தில் மழைபடாத படகு என்று ஆட்கள் குதூகலமாக இருந்தார்கள். இரண்டாவது பருவத்தில் வலைகள் விறைத்து, இழுக்கும்போது அறுந்தன. பீப்பாய்ப் பலகைகள் சுருங்கி உப்புநீர் ஒழுகியது. ஒரு நாள் பெஞ்சி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். “மாப்ள, தப்பா எடுத்துக்காத. உன்னைக் கரையில விட்டுட்டுப் போனா தேவலைன்னு பசங்க சொல்றானுங்க” என்றான். “நீ என்ன சொல்ற மச்சான்?” என்று கேட்டதற்கு, “நான் இரும்பைத் தொட்டுக்கிட்டுதான் பேசறேன் மாப்ள” என்று பாக்கெட்டிலிருந்து ஒரு ஆணியை எடுத்துக் காட்டினான். அதிலிருந்து ஜீம்ஸி கரையில் வலை பழுதுபார்த்துப் பிழைத்தான். படகுகள் திரும்பியதும் ஈர வலைகளை அவன் கொல்லையில் விரித்துவிட்டு, கூடவே மீனும் வைத்துவிட்டுப் போவார்கள்.

இதெல்லாம் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. எல்ஸ்பெட்தான் பெரிது. சண்டைக்குப் போகும் முன் கல்யாணம் செய்துகொண்டவள், அத்தனை வருஷம் காத்திருந்தவள். அவள் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பெரிய அலமாரி, அவன் வந்த வருஷமே நடுவில் பிளந்தது. கொல்லையில் முட்டைக்கோஸ் வைத்தாள், கருகிற்று. வாளியில் சுமந்து ஊற்றினாள், உறிஞ்சிவிட்டுக் கருகிற்று. சீப்பை வைத்தால் தலைமுடி படபடவென்று பொரிந்தது. அதையும் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாமல் போனது சத்தம். பிறந்ததிலிருந்து ஓட்டின் மேல் மழை விழும் சத்தத்தில் தூங்கிப் பழகியவள் அவள். ஊரெல்லாம் மழை அடித்துக்கொண்டிருக்க, தன் தலைக்கு மேலே மட்டும் ஒன்றுமே கேட்காமல் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பாள். மெலிந்துபோனாள். மழை நாட்களில் அண்ணன் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அந்தக் கரையில் மழை நாள் என்றால் ஏறக்குறைய எல்லா நாளும்தான். ஊரில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, அதுவே ஜீம்ஸிக்குப் பெரிய பயமாக இருந்தது.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஊரில் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்த இத்தாலியர் நூன்ஸியோ தன் தங்கையைப் பார்க்க இத்தாலிக்குப் போய்வந்தார். அவளைத் தெற்கே பூலியாவில் ஒரு கல் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. எட்டு மாதம் வானம் பார்த்துக் காய்கிற பூமி அது. வந்தவர் கடையில் உட்கார்ந்து சொன்ன கதை இது. அங்கே சவீனோ என்று ஒரு நொண்டி. சண்டையில் பிடிபட்டு, கைதியாக ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் மாடு மேய்த்துவிட்டுத் திரும்பியவன். அவன் வீட்டின் மேல் மட்டும் தினமும் மழை. சாரல் மழை, சாய்வாக, எலும்பு குளிர. ஹெர்ரிங் மீன் வாசம் வேறு. ஞாயிற்றுக்கிழமை தவறவே தவறாது. “பண்ணையில இருந்தப்ப யாருமே கவனிக்கலையா?” என்று யாரோ கேட்டார்கள். “இந்த ஊர்ல ஒருத்தன் தலையில மழை பெய்யறதை எவன்யா கவனிப்பான்?” என்றார் நூன்ஸியோ. ஜீம்ஸி ஐஸ்கிரீமை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனான்.

அன்றைக்குத்தான் எல்ஸ்பெட்டுக்கு எல்லாவற்றையும் சொன்னான். அவள் இடையில் குறுக்கிடாமல் கேட்டாள். “நான் உன்னைக் கட்டிக்கிட்டேனா, அந்தப் பாலைவனத்தைக் கட்டிக்கிட்டேனா?” என்று ஒரு தடவை மட்டும் கேட்டாள். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “தப்பாக் கேட்டுத் தப்பாக் குடுத்தது தானே. போய்த் திருப்பி வாங்கிட்டு வா. பாதியாவது வாங்கிட்டு வா. வெறுங்கையோட வந்தா நான் அண்ணன் வீட்டுலயே இருந்துடறேன். மிரட்டறேன்னு நினைக்காத ஜீம்ஸி. என்னால முடியல, அவ்ளோதான்.” அவள் அழுதாள். அவனுக்கும் அழுகையாக வந்தது. பெஞ்சி தன் நல்ல கோட்டைக் கொடுத்தான், பாக்கெட்டில் ஆணியோடு.

கப்பலிலும் ரயிலிலும் போகும்போது ஜீம்ஸி அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். ‘என் பங்கை எனக்குத் திருப்பிக் குடுத்துடு.’ கடைசியில் பஸ் இறக்கிவிட்ட இடத்தில் சிவந்த மண், கல் வேலி, ஆலிவ் மரம், கண்ணைக் கூசும் வெள்ளை வீடுகள். ஜூலை மாதம். நாய்கூட நிழலை விட்டு நகரவில்லை. தெருக்கோடியில் ஒரு வீட்டின் மேல் மட்டும் போர்ட்கேரி மழை பெய்துகொண்டிருந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கூரையிலிருந்து தண்ணீர் வாய்க்கால் வழியாக முற்றத்துக்கு அடியில் இருந்த தொட்டிக்குள் இறங்க, அதன் வாயிலிருந்து தெரு முனை வரைக்கும் பெண்கள் குடமும் வாளியுமாக வரிசையில் நின்றார்கள். தள்ளுமுள்ளு இல்லை. ஒருத்தி பின்னல் பின்னிக்கொண்டு நின்றாள். முற்றத்துக் கட்டைச் சுவரை ஒட்டித் தக்காளி காய்த்துத் தொங்கியது.

ஜீம்ஸி வாசலில் கால் வைத்ததும் மழை அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. இரண்டு அடி உள்ளே வந்ததும் அடியோடு நின்றுபோயிற்று. பெண்கள் வானத்தைப் பார்த்தார்கள், அப்புறம் இவனைப் பார்த்தார்கள். ரப்பர் பூட்ஸும் பண்ணைக் கோட்டும் போட்டுக்கொண்டு ஒருவன் உள்ளிருந்து நொண்டிக்கொண்டே வந்தான். இவன் காலடியில் காய்ந்திருந்த தரையைக் குனிந்து பார்த்தான். “வந்துட்டியா!” என்றான், சுத்தமான ஸ்காட்லாந்துப் பண்ணைப் பேச்சில். “எத்தன வருசமாப் பாத்துக்கிட்டு கெடக்கேன். வாய்யா, வா, வா.” கட்டிப்பிடித்துக்கொண்டான். அவித்து மசித்த அவரைப் பருப்பும் கசப்புக் கீரையும் கொண்டுவந்து வைத்தான். ஜீம்ஸி சாப்பிடச் சாப்பிட வெளியே வெயில் ஏறியது. வரிசையில் முதலில் நின்ற ஃபிலோமேனா என்கிற பெரிய உடம்புக்காரி உள்ளே எட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள். “நல்லா இருக்கீங்களான்னு விசாரிக்கறா” என்றான் சவீனோ. இந்த ஆள் எப்போது கிளம்புவான் என்றுதான் அவள் கேட்டாள். அது எந்த பாஷையில் கேட்டாலும் புரியும்.

சவீனோ தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தானாகவே ஆரம்பித்தான். “அன்னிக்கு நான் ஆமான்னு சொல்லலய்யா. கால் வலியில கத்துனேன். உங்க ஊரு மாட்டுக் கொட்டாயில வேல பாக்கறப்பத்தான் ‘ஆய்’னா ஆமான்னு அர்த்தம் தெரிஞ்சுது. சோறு எறங்கல எனக்கு. உன்னுதுன்னு தெரியும், யாருக்குத் திருப்பிக் குடுக்கறதுன்னு தெரியல. பேரு தெரியாது, ஊரு தெரியாது. இப்பக் கேளு. வாயால குடுத்தது, வாயால கேட்டாப் போயிரும். ஒரு வார்த்த சொல்லு, எடுத்துக்கிட்டுப் போ. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.” பேசும்போது அவன் வெளியே பார்க்காமல் இருக்க முயற்சி செய்தான். ஜீம்ஸி பார்த்தான். வரிசை கலையவில்லை. நின்றது நின்றபடி, வெயிலில், காலிக் குடங்களோடு. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. எல்ஸ்பெட் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பது தெரிந்தது. அவளை விட்டால் அவனுக்கு உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

“உனக்கு அன்னிக்குத் தாகம் எடுத்துச்சா இல்லியா?” என்று கேட்டான்.

“செத்துப் போற தாகம்யா.”

“அப்புறம் என்ன. குடிச்ச தண்ணிய எவனாவது திருப்பிக் கேப்பானா?” ஜீம்ஸி எழுந்து தொப்பியை எடுத்தான். சவீனோ கையைப் பிடித்து, ஒரு நாளாவது தங்கு என்று கெஞ்சினான். “நான் இருந்தா இவங்க எப்பத் தண்ணி புடிக்கறது?” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். ஃபிலோமேனா அவன் கோட்டுப் பையில் நாலு தக்காளியைத் திணித்தாள். பஸ்ஸில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அந்தக் கூரையில் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டிருந்தது. பஸ் முழுக்கக் கோழிக்கூடையும் ஆட்களுமாக இருக்க, ஜீம்ஸி ஃப்ளெட் வெட்கப்படாமல் அழுதுகொண்டே போனான். செய்தது சரிதான் என்று அவனுக்குத் தெரியும். எல்ஸ்பெட் போய்விடுவாள் என்றும் தெரியும்.

போர்ட்கேரியில் இறங்கியபோது நல்ல மழை. எல்ஸ்பெட் அண்ணன் வீட்டில் இருந்தாள். ஜீம்ஸி கதவைத் தட்டவில்லை. கிட்டே போனால் அந்தக் கூரையிலும் நின்றுவிடும் என்று தெருவின் மறுபக்கம், மீன் கிடங்கின் சுவரோரம் நின்றான். ஜன்னலில் பார்த்துவிட்டு அவள் தலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளாமல் இறங்கி வந்தாள். பாதித் தெருவில், மழை நின்றுவிடுகிற எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

“கேட்டியா?”

“கேக்கல.”

ஜீம்ஸி பார்த்ததைச் சொன்னான். தொட்டியைச் சொன்னான், வரிசையைச் சொன்னான், வெயிலைச் சொன்னான். அவள் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“எத்தனை பொம்பளைங்க?” என்று கேட்டாள்.

“தெரு முனை வரைக்கும்.”

“குடமா, வாளியா?”

“ரெண்டும்தான்.”

“அந்தத் தூரத்துல இருந்தா தூக்கிட்டு வருவாளுங்க?” என்றாள் எல்ஸ்பெட். முகத்துத் தண்ணீரைப் புறங்கையால் வழித்து எறிந்தாள். “கேட்டிருந்தா உன்னைக் கொன்னிருப்பேன்” என்றாள். பிறகு தொப்பலாக நனைந்தபடியே அந்த எல்லையைத் தாண்டி வந்து, அவன் தலையை இழுத்துத் தன் தோளில், ஈரக் கூந்தலுக்குள், புதைத்துக்கொண்டாள். அலமைனுக்கு அப்புறம் மழைத் தண்ணீர் ஜீம்ஸியின் முகத்தில் பட்டது அன்றைக்குத்தான். ஜில்லென்று இருந்தது. கரிப்புகை வாசமும் மீன் வாசமும் அடித்தது. அவள் முடி முழுக்கக் காய்கிற வரைக்கும் அவன் விடவில்லை. பெஞ்சி ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு உள்ளே போனான்.

கட்டிலைப் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி நகர்த்திப் போட்டார்கள்; அங்கே படுத்தால் மேகி ஸ்லேட்டர் வீட்டு ஓட்டில் மழை விழுவது ஓரளவு கேட்கும், எல்ஸ்பெட்டுக்குத் தூக்கமும் ஓரளவு வந்தது. பிளந்த அலமாரியைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். வருஷங்கள் போயின. ஊர்த் துணியும் வலையும் அவர்கள் கொல்லையில் காய்ந்தன. இருவர் தலையும் நரைத்தது. அந்த ஊருக்குப் புதிதாக ஒரு பாதிரியார் வந்தார், எடின்பரோவில் படித்தவர். ஒரு அடைமழை நாளில் வயதான பெண் ஒருத்தி நடுத்தெருவில் குடையில்லாமல், முடியை அவிழ்த்துவிட்டு, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பதறிப்போய், மேகி ஸ்லேட்டரின் கதவைத் தட்டினார். அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, யாராவது அழைத்துப் போகக் கூடாதா என்று கேட்டார். மேகி மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லை ஐயா. வீட்டுக்காரருக்கு மழை எடுத்துட்டுப் போறா” என்றாள். “நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க. அவங்க வீட்டு மதில்கிட்ட நிறுத்திப் பேச்சுக் குடுத்தீங்கன்னா போய்ச் சேர்றதுக்குள்ள காஞ்சிடும்.”

பாதிரியார் ஓரமாக நின்றார். எல்ஸ்பெட் அவருக்குத் தலையசைத்துவிட்டு, சொட்டச் சொட்ட, வேகமாக வீட்டுக்குள் போனாள்.